எச்சில் காற்று

மாட்டுவதற்கு முன்பே மாஸ்க் ஈரமாக இருந்தது.

சுந்தரமூர்த்தி அதைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஜன்னல் கம்பியில் வெயில் படத் தொங்கிய மாஸ்க். ரப்பர் விளிம்பெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. உள்பக்கம், மூக்கு உட்காரும் குழிவில் மட்டும் வெதுவெதுப்பாக ஒரு பிசுபிசுப்பு. தொட்ட விரலை எடுத்தபோது மெல்லிய இழை ஒன்று கூடவே இழுபட்டு வந்து அறுந்தது.

"உஷா, இத நீ கழுவினியா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காலையில நீங்கதானே கழுவிக் காய வெச்சீங்க. நான் தொட்டாதான் உங்களுக்கு ஆகாதே."

அதுவும் உண்மைதான். எச்சில் விஷயத்தில் மூர்த்தியை மிஞ்ச அவன் குடியிருக்கும் ஹெப்பகோடியில் ஆள் கிடையாது. கட்டிய மனைவி வாய் வைத்த டம்ளரில் அவன் வாய் வைக்க மாட்டான். டீக்கடையில் கொதிக்கிற டீயைக்கூட அண்ணாந்து ஊற்றிக்கொண்டு நாக்கைப் பொசுக்கிக்கொள்வான். கூட இருக்கும் டிரைவர்கள் அவனுக்கு 'மடி சாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவன் தலையில்தானா இந்தக் கர்மம் வந்து விடிய வேண்டும்?

சோப்புப் போட்டுக் கழுவினான். டெட்டால் விட்டு அலசினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை மூக்கில் வைத்து, வாரை இழுத்துத் தலைக்குப் பின்னால் மாட்டி, சுவிட்சைப் போட்டான். தலைமாட்டு ஸ்டூலில் இருந்த மெஷின் முனகிற்று. குழாய் வழியாகக் காற்று வந்து மூக்கை அடைத்தது. விளிம்பில் கசிந்த காற்று கண்ணிமையைக் குத்தியது. வயிற்றுக்குள் போன காற்று புளித்த ஏப்பமாக மேலே வந்து, வெளியேற வழியில்லாமல் மாஸ்க்குக்குள்ளேயே சுற்றியது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொன்னவன் மூஞ்சியில் குழாய் சொருகிக்கொண்டு படுத்தவனாக இருக்க முடியாது.

ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்குப் பகல்தான் இரவு. எலெக்ட்ரானிக் சிட்டி கால்சென்டர் பிள்ளைகளை மாலையில் ஏற்றிக் காலையில் இறக்குவது அவன் வேலை. போன மாதம் சில்க் போர்டு தாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். பின்சீட்டில் இருந்த பெண்கள் அலறிய சத்தத்தில் கண் விழித்தபோது, சுமோ தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. தூக்கத்தில் அவனுக்குத் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலெல்லாம் படுத்தும் தூங்காதவன் மாதிரி இருக்கிறான் என்றார் டாக்டர். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் இந்த மெஷின் இருந்தால் சரியாகுமாம்.

"டாக்டர் ஓகே சொன்னா வண்டி எடு மூர்த்தி. இல்லன்னா பேடாப்பா. பின்னாடி உக்காந்திருக்கிறது ஊரார் பெத்த பொண்ணுங்க," என்று முடித்துவிட்டார் டிராவல்ஸ் ஓனர் கோவிந்தப்பா. அதுவரை வண்டி ஷெட்டில் ராத்திரிக் காவல். மூர்த்திக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சொந்த ஊர் ஆரணிக்குத் திரும்பிப் போனால் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டும். அது செத்ததற்குச் சமம்.

புது மெஷினுக்கு வழியில்லை. ராஜாஜிநகரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அவர் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். சும்மா கிடக்கவில்லை. மூர்த்தி போனபோது அது காலிக் கட்டிலின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்க் தலையணை மேல், முகம் இருக்க வேண்டிய இடத்தில், கிடந்தது. காந்தா என்கிற அந்த வயதான அம்மாள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அறையெல்லாம் வெற்றிலை, புகையிலை, கோழை நாற்றம். மூர்த்தி சுவிட்சுக்குக் கை நீட்டியதும் அவர் பதறி எழுந்தார்.

"ஆஃப் மாட்பேடி. அவர உசிரு இன்னூ இதரொளகே இதே."

மூர்த்திக்குத் தெரிந்தது டிரைவர் கன்னடம். வாங்கவுக்குப் பன்னி, போங்கவுக்கு ஹோகி, சில்லறை இல்லா. ஆனால் உசிரு என்ற வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வேண்டுமா என்ன? பாவம், வீட்டுக்காரர் இதன் மேல் உசிராக இருந்திருக்கிறார், அணைக்க அந்தம்மாவுக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஆறுதலாகத் தலையாட்டிவிட்டு அணைத்தான். அந்தம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்ததை அழுகை என்றே எடுத்துக்கொண்டான். பழைய மாஸ்க்கைத் தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு, கடனோ உடனோ வாங்கிப் புது மாஸ்க் போட்டான். குழாயைக் கொதிதண்ணீரில் ஊறவைத்தான். இனி யார் எச்சிலும் இல்லை என்று நம்பினான்.

நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதலில் நாற்றம். மதியம், பக்கத்து வீடுகளில் குக்கர் விசில் அடங்கி, சந்தே சத்தமற்றுப் போகும் நேரத்தில், மெஷின் காற்றில் ஊறிய புகையிலை வாசம் இழையும். அதற்கு அடியில் சொத்தைப் பல்லின் வாடை. அதற்கும் அடியில், மூடி வைத்து ஊசிப்போன குழம்பைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பிறகு சத்தம். குழாயின் ஆழத்தில் கோழை கட்டிய நெஞ்சு இழுப்பது மாதிரி ஒரு கறகறப்பு. அவன் மூச்சை உள்ளே இழுக்கும்போது அது வெளியே விட்டது. அவன் வெளியே விட்டதை அது உள்ளே இழுத்துக்கொண்டது. தூங்கி எழுந்தால் வாயெல்லாம் வழவழப்பு. எத்தனை முறை கொப்பளித்தாலும் அது தன் எச்சில் இல்லை என்றே நாக்கு சொன்னது. குமட்டிக் குமட்டி ஒருநாள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

"வெத்தல போட்டீங்களா?" என்றாள் உஷா, பக்கத்தில் வந்து முகர்ந்து.

"நானா?"

"பொகையில வாசனை வருதே." அவள் கேலியாகத்தான் சொன்னாள். "ராத்திரிக் காவலுக்குப் போய்ப் புதுசா பழகிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் இதுவரை பாக்குகூடக் கடித்ததில்லை.

மாதக் கடைசியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர் அதிலிருந்து சின்ன அட்டை ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"வெரி குட். பகல்லதான் போட்டுக்குவீங்கன்னு நெனச்சேன். ராத்திரியும் போடறீங்களே. விடாம மூச்சு பதிவாயிருக்கு. தாராளமா வண்டி ஓட்டுங்க."

ராத்திரி அவன் ஷெட்டில் இருந்தான். வீட்டில் உஷா தனியாகத் தூங்கினாள். மூர்த்தி வாயைத் திறந்தான். திறந்தால் வண்டி போய்விடும் என்று நினைத்து மூடிக்கொண்டான்.

படியிறங்கும்போது கேட்டான். "ராத்திரி மெஷின நீ போடறியா?"

"நான் எதுக்குப் போடறேன்? பிளக்கப் புடுங்கிட்டுத்தான் படுக்கறேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள், "ராத்திரியில யாரோ இருமறாங்க. கீழ் வீட்டுலதான் யாருக்கோ ஒடம்பு சரியில்ல போல."

கோவிந்தப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மாலையே வண்டி எடுக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை உஷா மாடி வீட்டு யூனிஸ் அக்காவிடம் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள்; மூர்த்தியும் பக்கத்தில் நின்றான். யூனிஸ் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிற வாய். மெஷினைக் கொடுத்த அம்மாளின் பாசத்தை உஷா சொல்லச் சொல்ல, அவர் முகம் சுருங்கியது.

"இரு இரு. என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு மூர்த்தி."

சொன்னான்.

"உசிருன்னா கன்னடத்துல மூச்சுப்பா. நம்ம உசிருக்கு அவங்க ஜீவம்பாங்க." யூனிஸ் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு மூச்சு இன்னும் அதுக்குள்ள இருக்குது, அணைக்காதேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களே பயந்து போட்டு வெச்சிருந்திருப்பாங்களோ என்னமோ. ஓடிட்டிருக்கிற வரைக்கும் அதுலயே இருக்கட்டும்னு."

மூர்த்தி சட்டென்று திரும்பினான். நேரே வீட்டுக்குள் போனான். மெஷினைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, பரணில் ஏற்றினான். கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். எத்தனை நாள், எத்தனை வாய்க் காற்று. டம்ளரில் பட்ட எச்சிலைக் கழுவலாம். நெஞ்சுக்குள் இழுத்ததை எதைப் போட்டுக் கழுவுவது?

ஆனாலும் தூங்கித்தான் ஆக வேண்டும். மாலையில் பின்சீட்டில் பெண்கள் உட்காருவார்கள். தூங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தால் இந்த முறை தடுப்புச் சுவரோடு போகாது. வெறும் மூக்கோடு, நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்தான். ஃபேன் காற்றில் திரைச்சீலை அசைந்தது. தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான். கண் சொக்கியது.

விழித்தபோது புழுக்கம். ஃபேன் நின்றிருந்தது.

முகத்தில் மாஸ்க் இருந்தது.

உஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். "பயந்தே போயிட்டேங்க. தொண்டைய அடைச்சிக்கிட்டு ஒதடெல்லாம் நீலமாயிடுச்சி. எழுப்பினா எழல. நான்தான் எறக்கி மாட்டிவிட்டேன். மாட்டினதும் மூச்சு வந்துடுச்சி."

"கரண்ட்டு?" என்று கேட்க நினைத்தான். மாஸ்க்குக்குள் வார்த்தை குழறியது.

"அது போய் ரொம்ப நேரமாச்சி. நல்லவேள, இது பேட்டரியில ஓடுது போல."

மெஷினில் விளக்கு எரியவில்லை. முனகல் இல்லை. பிளக் ஸ்டூலின் காலருகே தரையில் கிடந்தது.

காற்று மட்டும் வந்தது.

வெதுவெதுப்பாக வந்தது. புகையிலை. சொத்தைப் பல். நின்றது. பிறகு குழாய் அவன் மூக்கிலிருந்து உறிஞ்சியது. மாஸ்க்கின் ரப்பர் கன்னத்தைக் கவ்வி இழுத்தது. விட்டது. மறுபடி வந்தது. உதட்டின் மேல் சொட்டியது. வழவழவென்று. வாய்க்குள் இறங்கியது.

பிய்த்து எறிந்தான். மாஸ்க் சுவரில் அடித்துத் தரையில் விழுந்தது.

போதும். இனி ஒரு துளி உள்ளே போகக் கூடாது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தான். உதட்டைக் கடித்து மூடினான். செத்தாலும் சரி. அந்த எச்சில் காற்று வேண்டாம். முதலில் உள்ளே இருப்பது தீரட்டும். மார்பு அடைக்கட்டும். காது கிண்ணென்று ஆகட்டும்.

அடைக்கவில்லை.

காத்திருந்தான். கண் இருளவில்லை. தவிப்பே இல்லை. இத்தனை மாதத்தில் இவ்வளவு சுகமாக அவன் உடம்பு இருந்ததில்லை.

உஷா அவன் மார்பில் கை வைத்தாள். அவள் முகம் தெளிந்தது.

"ஆங், இப்பதான் சீரா வருது," என்றாள். "அப்படியே விடுங்க. நல்லா இழுத்து விடுங்க."

அவன் விரல்கள் மூக்கை நசுக்கிக்கொண்டிருந்தன. பல் உதட்டில் பதிந்து ரத்தம் கரித்தது. அவளிடம் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் எது வெளியே வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் மூச்சு விடவில்லை. ஒரு துளிகூட விடவில்லை.

அவள் உள்ளங்கைக்கு அடியில் அவன் மார்பு ஏறியது. இறங்கியது. நிதானமாக, ஒரு கிழவனின் கறகறப்போடு, மறுபடி ஏறியது.