மூன்று ஹார்ட்டினுக்கு மேல் ஒரு டபிள்

பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த தலைமையாசிரியை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையை மேஜைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் விபத்துகளை ஆராய்ந்து ஓய்வுபெற்ற துப்பறிவாளர், அந்தப் பை ஓரிடத்தில் நிலைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அவருடைய மைத்துனர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். அதற்குள் பென்சிலைச் சீவி, நோட்டில் தேதியும் போட்டுவிட்டார். ஒரு கொலையாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

“சீட்டாட்டத்துல திருடினேன்னு சொல்றாங்க,” என்றார் தலைமையாசிரியை.

மைத்துனரின் பென்சில் சோர்ந்துபோய்க் கீழே இறங்கியது.

அந்த அம்மாளும் கணவரும் பிரிட்ஜ் மன்றத்தில் இருபது வருட ஜோடி. ஒன்பது நாளுக்கு முன் நடந்த போட்டியில் கள்ளச் சைகை காட்டினார்கள் என்று அவர்கள்மேல் புகார். இன்று மாலை ஐந்து மணிக்குக் குழு கூடி இருவரையும் நீக்கப் போகிறது. நீக்கினால் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். போன மாதம்தான் பரீட்சையில் காப்பியடித்த இரண்டு மாணவர்களைப் பள்ளியைவிட்டு அனுப்பியிருந்தார் தலைமையாசிரியை. மன்ற உறுப்பினர்களில் பாதிப் பேர் அவருடைய மாணவர்களின் பெற்றோர்.

“நாளைக்கு அசெம்பிளியில எந்த முகத்தோட போய் நிப்பேன்?” என்று கேட்டார். குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

மைத்துனருக்கு ரம்மியைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவருக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டு ஒரு பிடி. ஆடுவதற்கு முன் ஏலம். ஹார்ட்டின், ஸ்பேடு, கிளாவர், டைமண்ட் என்ற நாலில் எந்த இனத்தைத் துருப்பாக வைத்து, ஆறுக்கு மேல் எத்தனை பிடி எடுப்பேன் என்று மாறி மாறி உயர்த்த வேண்டும். ஏலம்கூட அட்டையைக் காட்டித்தான்; அதைத் தவிர ஜோடிக்குள் வேறு பேச்சு கூடாது. சிலர் நல்ல கை இல்லாமலே, ஒரே இனத்தில் ஆறேழு சீட்டு சேர்ந்தவுடன் எடுத்த எடுப்பில் ‘மூன்று’ என்று உயரக் கேட்டு, எதிர் ஜோடி பேச இடமில்லாதபடி வழியை மறிப்பார்கள். அப்படி மறித்தவர்மேல் ‘டபிள்’, அதாவது புள்ளி இரட்டிப்பு, சொன்னால் என்ன பொருள் என்று ஒவ்வொரு ஜோடியும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ‘இவரை நான் தோற்கடிக்கிறேன், நீ சும்மா இரு’ என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது, ‘இந்த இனம் என்னிடம் குறைவு, மற்றவை இருக்கின்றன, நீ பேசு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

“நாங்க எழுதிக் கொடுத்தது ‘நீ பேசு’தான்,” என்றார் தலைமையாசிரியை. “எதிர் ஜோடியில டைல்ஸ் கடைக்காரர் மூணு ஹார்ட்டின் கேட்டார். நான் டபிள் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கையில நாலு ஸ்பேடு. சொல்ல வேண்டியதுதானே? பாஸ்னுட்டார்.”

பாஸ் என்றதால் டைல்ஸ் கடைக்காரரே ஆட வேண்டியதாயிற்று. மூன்று பிடி குறைந்து, இவர்களுக்கு எக்கச்சக்கமாகப் புள்ளி கிடைத்தது. எழுதிக் கொடுத்ததற்கு மாறாகப் பேசாமல் இருந்து கணவர் எப்படி ஜெயித்தார் என்று கேட்டார் கடைக்காரர். அந்த அம்மாள் டபிள் அட்டையைச் சாய்த்து வைத்ததாகவும், அதுதான் சைகை என்றும் புகாரில் எழுதினார்.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?” என்றார் மைத்துனர்.

“ஒண்ணுமே சொல்லலை. ஒன்பது நாளா வாயே திறக்கலை. சனிக்கிழமை மன்றத்துல வகுப்பு எடுப்பார், அதையும் ரத்து பண்ணிட்டார். கேட்டா நடக்கறது நடக்கட்டும்ங்கறார்.”

துப்பறிவாளர் இரண்டே கேள்வி கேட்டார். டபிளுக்கு இந்த ‘நீ பேசு’ ஒப்பந்தம் எப்போது எழுதியது? போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்புதான், கணவரின் யோசனை. அதற்கு முந்திய இருபது வருடமும் ‘நீ சும்மா இரு’ என்றுதான் ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் சீட்டுகள் என்ன ஆயின? எல்லாரும் ஆடிய சீட்டை நடுவில் போடாமல் அவரவர் முன்னாலேயே வரிசையாக வைத்துக்கொள்வது வழக்கம். முடிந்ததும் கலைத்து, நாலு உறைகள் கொண்ட பலகையில் திருப்பி வைப்பார்கள். அன்றைக்கு டைல்ஸ் கடைக்காரர் உடனே நடுவரைக் கூப்பிட்டுவிட்டதால், நடுவர் கலைக்க விடாமல் அப்படியே வாங்கிப் பலகைக்கு முத்திரை வைத்துவிட்டார்.

தலைமையாசிரியை போனதும் மைத்துனர் தீர்ப்பே எழுதிவிட்டார். “குற்றவாளி புருஷன்தான் அத்தான். குற்றம் பண்ணாதவன் ஏன் வாய மூடிக்கிட்டு இருக்கான்?”

“வாய மூட வேற காரணமும் இருக்கும் மாப்ளே. உங்க அக்கா கேக்கறப்ப நானும் மூடிக்கறேனே.”

நாலு மணிக்கே மன்றத்துக்குப் போனார்கள். குழு உறுப்பினர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த செயலாளர், அறிவிப்புப் பலகையின் நடுவில் இடம் ஒதுக்கி இரண்டு குண்டூசிகளையும் குத்தித் தயாராக வைத்திருந்தார். மனிதருக்கு அவ்வளவு அவசரம். பேச்சுவாக்கில் அவரிடமிருந்து ஒரு தகவல் கிடைத்தது. டைல்ஸ் கடைக்காரர் அந்தக் கணவரின் மாணவர். புதிய ஒப்பந்தத்தை வகுப்பில் மறந்துவிட்டதற்காக, ‘ஞாபகம் இல்லாதவன் சீட்டைத் தொடக் கூடாது’ என்று முப்பது பேருக்கு முன்னால் திட்டு வாங்கியவர்.

“பழிவாங்கறார் அத்தான்,” என்று கிசுகிசுத்தார் மைத்துனர். துப்பறிவாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்து மணிக்குக் குழு கூடியது. தலைமையாசிரியை முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பறிவாளர் முத்திரையை உடைக்கச் சொல்லி, நாலு உறைகளின் சீட்டுகளையும் வரிசை மாறாமல் மேஜையில் பரப்பினார்.

“முதல் மூணு பிடியும் கிளாவர். மூணாவதை இவர் ராணி எடுத்துது,” என்று கணவரைக் காட்டினார். “அடுத்து இவர் இறக்கினது இதோ, கடைசிக் கிளாவர். வேற யார்கிட்டயும் கிளாவர் இல்லை. இதை இறக்கலாமா?”

குழுவில் எல்லாருக்கும் பதில் தெரியும். அது ஒரு பிடியை எதிராளிக்குத் தாரை வார்ப்பது. டைல்ஸ் கடைக்காரர் தன் கையிலிருந்து உதவாத ஸ்பேடைக் கழித்துவிட்டு, எதிரே மேஜையில் விரித்து வைத்திருந்த தன் ஜோடியின் கையிலிருந்து துருப்பால் வெட்டிக்கொண்டார். நாலு குறைய வேண்டியது மூன்றாயிற்று. ஒரே ஒரு நிலைமையில்தான் அப்படி இறக்கலாம் என்று செயலாளரே சொன்னார்: ஜோடியின் கையில் பெரிய துருப்புகள் இருந்தால், எதிராளி வெட்டினாலும் அவர் அதற்கு மேல் வெட்டலாம்.

“அம்மா கையில எத்தனை ஹார்ட்டின்?”

செயலாளர் எண்ணத் தேவையே இருக்கவில்லை. ஒரே ஒரு சீட்டுதான், அதுவும் மூன்று என்ற சின்னச் சீட்டு.

“அம்மா எழுதிக் கொடுத்தபடியே டபிள் சொன்னாங்க. சைகை காட்டியிருந்தா, ஹார்ட்டின் கம்மிங்கறதைத்தான் காட்டியிருக்கணும். அதைப் பார்த்தவர் ஸ்பேடு கேட்டிருப்பார். இந்தக் கிளாவரை இறக்கியிருக்க மாட்டார். அம்மா கை நிறைய ஹார்ட்டின் இருக்குன்னு இவர் நம்பியிருக்கார். அதாவது, இருபது வருஷமா ஆடின பழைய ஒப்பந்தத்தை ஆடியிருக்கார். ஜெயிச்சது வெறும் அதிர்ஷ்டம்.”

டைல்ஸ் கடைக்காரர் அந்தக் கிளாவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, அன்றைக்கு அட்டை சாய்ந்திருந்ததா என்று தமக்கு நிச்சயமாகத் தெரியாது என்றும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

தலைமையாசிரியை கணவரைப் பார்த்துத் திரும்பினார். “நிஜமா?”

“மறந்துட்டேன்,” என்றார் அவர். ஜன்னலிடம் சொல்வதுபோல்தான் இருந்தது.

“இந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது நாளா?”

“அத்தனை பேரைத் திட்டியிருக்கேன். நானே மறந்துட்டேன்னு சொன்னா யாரு என்கிட்ட பாடம் கேப்பாங்க?”

“அதனால என்னைத் திருடின்னு பேச விட்டீங்க.”

மைத்துனர் இதையும் குறித்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அத்தானைப் பார்த்தார். அத்தான் நோட்டை மூடிவிட்டார். வழக்கு முடிந்தும் அவருக்கு ஏனோ வாய் கசந்தது.

தலைமையாசிரியை செயலாளரிடம் ஒரு புதிய ஒப்பந்தப் படிவம் கேட்டு வாங்கினார். நின்றபடியே நிரப்பினார். கணவர் பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிக்கொண்டு போய், அறிவிப்புப் பலகையின் நடுவில் தயாராக இருந்த அதே இரண்டு குண்டூசிகளைப் பிடுங்கி அந்தப் படிவத்தைக் குத்தினார்.

எல்லாரும் போன பிறகு மைத்துனர் கிட்டே போய்ப் படித்தார். டபிளுக்கு நேரே ‘நீ பேசு’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது. தலைமையாசிரியையின் பெயருக்குப் பக்கத்தில், ஜோடியின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.