திறக்காத ஓடு

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. நானும் ஒட்டகமும் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு சந்துக்குள் நுழைந்தோம். ஒட்டகம் என் கூட்டாளி. எந்த வீட்டு வாசலிலும் குனியாமல் அவன் உள்ளே போனதில்லை, அதனால் வந்த பெயர். ஓட்டு வேலைக்கு அந்த உயரம் பெரிய உபகாரம்.

சின்ன வீடு. முன்னறையில் ஒரு தையல் மிஷின். அதைச் சுற்றி வெட்டிய துணிகள், துணிகளின் மேல் பாலித்தீன் தாள், தாளின் மேல் ஒழுகலைப் பிடிக்கக் கிண்ணமும் குண்டானும். பின்னறையில் மெத்தை இல்லாத ஓர் இரும்புக் கட்டில் மட்டும் கிடந்தது. ஈர மரத்தின் வாடையோடு தைல வாடையும் சேர்ந்து அந்த அறையில் நின்றது.

வீட்டுக்கார அக்காவுக்குத் தையல்தான் பிழைப்பு. புருஷன் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அக்காவின் தம்பி, பஸ் கண்டக்டர், வேலைக்குப் போகும் சட்டையோடு எங்களுக்காக நின்றிருந்தார்.

"ஒட்டுப்போடுற வேலையெல்லாம் வேணாம் மேஸ்திரி. மொத்தத்தையும் இறக்கிட்டு தகர ஷீட்டு போட்டுடலாம். தலைவலி அதோட போச்சு."

"நீ போய் டிக்கெட்டைக் கிழி," என்றார் அக்கா. "ஒழுகுற எடத்துல மட்டும் ஓடு மாத்தினா போதும்."

"தைச்ச துணியெல்லாம் கறை பிடிச்சு திரும்பி வருது. ராத்திரி ஒரு பொட்டு தூங்குறதில்ல. இன்னும் இந்தக் கூரையைக் கட்டிக்கிட்டு அழுவுற."

"அது என் பாடு."

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஏறிப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க தம்பி," என்றார் அக்கா. "நீங்க சொல்றதுதான் முடிவு. நானும் மறு பேச்சு பேசமாட்டேன், அவனும் பேசக்கூடாது."

ஓட்டில் ஒழுகல் தேடுவது இரண்டு ஆள் வேலை. மேலே இருப்பவனுக்கு எல்லா ஓடும் ஒன்றுபோலத்தான் தெரியும். கீழே இருட்டுக்குள் நிற்பவனுக்குத்தான் எந்த இடுக்கில் வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். அவன் கம்பால் அந்த இடத்தைத் தட்டுவான். மேலே இருப்பவன் அதே ஓட்டின் மேல் உள்ளங்கையால் தட்டிப் பதில் சொல்வான். பதில் தட்டிவிட்டால் அந்த ஓடு தூக்கியே ஆகவேண்டும். தூக்கும்வரை கீழே இருப்பவன் கம்பை இறக்கமாட்டான், கழுத்து நோக அண்ணாந்தபடியே நிற்பான். பதில் தட்டிவிட்டு வேறு பக்கம் நகர்ந்துபோகிறவனை எங்கள் ஆட்கள் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

முன்னறை வேலை சிரமமில்லாமல் முடிந்தது. ஒட்டகம் தட்டினான், நான் பதில் தட்டினேன், உடைந்த ஓடுகளை மாற்றினேன். நடுவில் முகட்டைப் பார்த்தேன். ஓட்டைத் தாங்கும் கைமரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று சத்தம் வந்தது. இந்தக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்துப் பன்னிரண்டு ஓடு மாற்றினால் அக்காவின் காலம் வரைக்கும் தாங்கும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பின்னறைச் சரிவுக்கு நகர்ந்தபோது மேகம் திரும்பவும் மூடியது. ஓடுகளுக்கு நடுவே இருந்து அந்தத் தைல வாடை மேலே வந்தது.

கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

நான் குனிந்து பதில் தட்டினேன். ஓட்டின் விளிம்புக்கு அடியில் விரல்களை நுழைத்தேன்.

அப்போதுதான் சந்து முனையில் ஒட்டகத்தின் சிரிப்பைக் கேட்டேன். தலையில் ஓடுகளைச் சுமந்துகொண்டு, கண்டக்டரிடம் ஏதோ கேலி பேசியபடி வந்துகொண்டிருந்தான்.

"டேய், கீழ யாரு இருக்கா?"

"யாரும் இல்லண்ணே. ஓடு பத்தாதுன்னு வண்டிக்குப் போனேன். ஏன்?"

முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அங்கே இருந்தார்.

மறுபடியும் அதே ஓட்டில் தட்டல்.

ஆரோக்கியமான கை அப்படித் தட்டாது. ஒரு தட்டு. பிறகு கம்பு வழுக்கி ஓட்டின் அடிப்புறத்தை உரசிக்கொண்டு இறங்கும் சத்தம். பிறகு அது மெல்ல, மிகவும் பாடுபட்டு, மேலே ஏறி வந்தது.

ஒரு தட்டு.

என் விரல்கள் ஓட்டுக்கு அடியிலேயே இருந்தன. அவற்றின் மேல் மூச்சு பட்டது.

வெதுவெதுப்பான, ஈரமான மூச்சு.

கையை உருவிக்கொண்டேன். ஓடு தன் இடத்தில் உட்கார்ந்தது. சரிவில் வளைந்து ஓடி, ஏணியைப் பிடித்து இறங்கினேன்.

பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் விரல் நுழைத்த ஓட்டுக்கு நேர் கீழே அந்தக் கட்டில். அண்ணாந்தேன். கட்டிலுக்கு மேலே கை எட்டும் வட்டத்துக்குள் இருந்த ஓடுகளில் எல்லாம் கம்பு நுனியின் தழும்புகள், அம்மைத் தழும்பு மாதிரி.

மிஷின் நின்றது. அக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"தட்டுச்சா?" என்று கிசுகிசுத்தார்.

அந்தத் தழும்புகளிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

"லாரி ஓட்டின மனுஷன். வாதத்துல ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. ஒரு கைதான் மிச்சம். மேல சொட்டினா கம்பால தட்டிக் காட்டுவார். நான் அங்கேருந்தே 'வரேன்'னு குரல் குடுப்பேன். வந்து கட்டிலை நகர்த்திப் போடுவேன்."

கட்டிலின் கம்பியை அவர் முந்தானையால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு விடிஞ்சா குடுக்கணும்னு ஸ்கூல் யூனிஃபார்ம் ஒரு மூட்டை கெடந்துச்சு. தட்டினார். வரேன்னேன். திரும்பத் தட்டினார். வரேன்னேன். அப்புறம் அந்தச் சத்தம் கேக்கக்கூடாதுன்னே மிஷினை வேகமா மிதிச்சேன் தம்பி. வந்து பார்த்தா வாய் தெறந்திருக்கு. வாய் நிறைய மழைத்தண்ணி. கம்பை மட்டும் இறக்கல. புடிச்ச புடியில மேல பார்த்து நின்னுச்சு."

நான் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"அந்தக் கம்பை நான்தான் உடைச்சு அடுப்புல போட்டேன். ஆனாலும் கேக்குது. அந்த ஒரு ஓட்டைத் தூக்கி மாத்திட்டா போதும் தம்பி. அவர் கேட்டது அவ்வளவுதானே. என் தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "மேலேருந்து பதில் தட்டுற மாதிரி கேட்டுச்சே. நீங்கதானா?"

"இல்லக்கா," என்றேன்.

கண்டக்டர் உள்ளே வந்தார். "என்ன மேஸ்திரி, என்ன முடிவு?"

வெளியே ஏணி அப்படியே சாத்தியிருந்தது. நான் ஏறினால் போதும். அரை நிமிஷ வேலை. ஆனால் ஓட்டைத் தூக்கியதும் அந்த இடைவெளியில் எந்த முகம் என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன்.

"மரமெல்லாம் உளுத்துப்போச்சு," என்றேன். "இனி தாங்காது. மொத்தமா இறக்கிட்டு ஷீட்டு போடுறதுதான் நல்லது."

"நான் சொன்னா கேக்கல. இப்ப என்ன சொல்ற?" என்றார் கண்டக்டர்.

அக்கா மறு பேச்சு பேசமாட்டேன் என்று வாக்கு கொடுத்தவர் ஆயிற்றே. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தார். தைக்கவில்லை.

சந்து தாண்டியதும் ஒட்டகம் ஏணியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அந்த மரத்துல யானையைக் கட்டலாம். உளுத்துப்போச்சுன்னு சொல்லிட்டு வர்றே."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நட."

"எனக்குத் தெரியாதுதான். மரத்துக்குத் தெரியுமே," என்றான். வழக்கமாக அவன் பேச்சுக்கு நான் சிரிப்பேன்.

ஓடு இறக்கிய நாளன்று நான் அந்தப் பக்கம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். ஒட்டகம்தான் போனான். ஆணியைப் பிடுங்கவே அவ்வளவு பாடாம், மரம் விடவில்லையாம். ஓடுகளை வண்டியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஓடு எது, எது உடைந்தது, எது யார் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கிடக்கிறது, யாருக்குத் தெரியும்?

அடுத்த மழைக்காலத்தில் கண்டக்டர் போன் செய்தார். "புது ஷீட்டு ஒழுகல மேஸ்திரி. ஆனா என்னமோ உள்ளேருந்து முட்டுற மாதிரி இருக்கு. அக்கா உங்களைத்தான் கூப்பிடச் சொல்லுது. வேற ஆளு வேணாமாம்."

ஒட்டகத்திடம் சொல்லாமல் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மரம் நன்றாக இருந்தது அக்கா, பதில் தட்டியது நான்தான் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த அக்கா பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சண்டை போடவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"ஏறிப் பாருங்க தம்பி," என்றார்.

வழியெல்லாம் பழகிய வார்த்தை வாயில் வரவில்லை. ஏணியை அன்றைக்குச் சாத்திய இடத்திலேயே சாத்தி ஏறினேன்.

தகரம் பளபளவென்று இருந்தது. கட்டிலுக்கு மேலே அது உள்ளிருந்து முட்டி, வெளியே புடைத்து நின்றது. கம்பு நுனி அளவுக்குச் சின்னப் புடைப்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. கட்டிலில் படுத்திருக்கும் கைக்கு எட்டாத தூரத்திலும் அவை தொடர்ந்தன. ஒரு வரிசையாகச் சரிவில் இறங்கி, வளைந்து, கூரையின் ஓரத்துக்கு வந்தன.

அன்றைக்கு நான் ஓடி இறங்கிய வழி அது.

கடைசிப் புடைப்பு ஏணித் தலைக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

"என்ன தம்பி இருக்கு?" கீழிருந்து அக்காவின் குரல்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் இல்லக்கா."

ஷீட்டைச் சுற்றிலும் திருகி இறுக்கியிருந்தார்கள். தூக்குவதற்கு அங்கே ஓடு ஏதும் இல்லை. விழாமல் இருக்க வெறும் தகரத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டேன். மழைத்தண்ணீர் காயாத தகரம் சில்லென்று இருந்தது.

பிறகு என் உள்ளங்கைக்கு அடியில் மட்டும் அது வெதுவெதுப்பானது.

மெல்ல, மிகவும் பாடுபட்டு, மேலே எழும்பியது.