ஊன்செவிச் சான்று

இன்னாசி காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் அழுவான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கி, ரசிகர்களுக்குப் படம் அனுப்பும் படக்கண்ணைப் பார்த்தபடி, இன்று அப்பாவை நினைத்து அழுவதா, முதல் காதலியை நினைத்து அழுவதா என்று சற்று யோசித்தான். காதலி நேற்றைய அழுகையில்தான் வந்துபோனாள் என்பதால் அப்பாவைத் தேர்ந்தெடுத்தான். அப்பா திருச்சியில் நல்ல ஆரோக்கியத்தோடு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அதனால் என்ன, கண்ணீர் வந்தது. படக்கண் அதை வாங்கிக்கொண்டு பச்சையாக ஒருமுறை சிமிட்டியது. அதன் பிறகுதான் அவன் முகம் கழுவப் போனான்.

அடுத்து இட்லியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பிறகு வேளச்சேரி மிதப்பு அடுக்ககத்தின் பால்கனியில், கீழே படகுகள் போகும் பின்னணியில், கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாசிக்க வேண்டாம். வாசித்தால் கைகள் அசைந்து படம் கலங்கும் என்று விதுரன் சொல்லியிருந்தான். விதுரன் அவனுடைய சந்தைப் பயிற்றுநர். மாதத்துக்கு இரண்டு முறை வந்து இன்னாசியின் சோகம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று திருத்திக் கொடுப்பான். “பாட்டு ஒரு சாக்குதான் சார். விக்கறது நீங்க” என்பது அவனுடைய முதல் பாடம். இரண்டாவது பாடம் என்று ஒன்று இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் தனியிசைஞர்கள் எல்லோரும் இப்படித்தான் பிழைத்தார்கள். பாட்டு போட வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். மீதி நாளெல்லாம் பாட்டு போட்ட ஆளைக் காட்சிக்கு வைப்பதில் போய்விடும்.

பாட்டைக் கேட்டவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான புதுப் பாட்டுகள் வெளியாகத் தொடங்கின. மனிதர்கள் போட்டவை கொஞ்சம், இயந்திரங்கள் போட்டவை மிச்சம். எதையும் விட்டுவிட மனமில்லை, எதையும் கேட்க நேரமில்லை. அப்போது வந்ததுதான் கேட்பான். காதுக்குப் பின்னால் எலும்பின் அடியில் வைக்கும், பயறு அளவே உள்ள ஒரு சில்லு. உடையவர் அலுவலகத்தில் இருக்கும்போதும் தூங்கும்போதும் அது அவருக்காக ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கேட்கும். ஒரு பாட்டுக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம். கேட்டு முடித்ததும் உடையவரின் மூளையில் மூன்றை வைத்துவிட்டுப் போகும்: கேட்ட நினைவு, அதற்குரிய சிலிர்ப்பு, நாலு பேரிடம் சொல்ல ஓர் அபிப்பிராயம். கேட்கிற சிரமம் ஒன்றுதான் கழிந்துபோனது. ஜனங்கள் இதை எவ்வளவு நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள் என்றால், சில வருடங்களில் பிள்ளை பிறந்த கையோடு சில்லை வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இன்னாசிக்குப் பதினோரு லட்சம் ரசிகர்கள். அதாவது பதினோரு லட்சம் கேட்பான்கள். அவை கேட்கும் ஒவ்வொரு தடவையும், பாட்டுகளை வெளியிடும் இசைத்திடல் நிறுவனம் ஒரு துளி காசு கொடுக்கும். அந்தத் துளிகளில்தான் வாடகையும் படகுக் கட்டணமும் விதுரனின் சம்பளமும் நடந்துகொண்டிருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை இசைத்திடல் ஓர் அறிவிப்பை அனுப்பியது. மனித இசைஞர்கள் என்ற பெயரில் இயந்திரங்கள் நுழைந்து துளிகளை வாங்கிக்கொண்டு போகின்றனவாம். இனிமேல் மனிதன் என்று நிரூபித்தால்தான் பட்டியலில் இடம். அழுகையை இயந்திரங்கள் இன்னாசியை விட நன்றாக அழுதன, ஆகவே அது சான்றாகாது. நிறுவனம் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்திருந்தது. இசைஞரின் ஏதாவது ஒரு பாட்டை, யாராவது ஒரு மனிதர், கேட்பானை அணைத்துவிட்டு, சொந்தக் காதால், முதலிலிருந்து கடைசி வரை கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். செவிப்பறை அதிர்வதையும் மனம் பாட்டில் நிற்பதையும் சில்லுக்குள் இருக்கும் அளவி தானாகவே குறித்துக்கொள்ளும். இதற்கு ஊன்செவிச் சான்று என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஒரு ஊன்செவி கூட இல்லாதவர்கள் நீக்கப்படுவார்கள். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

இன்னாசி சிரித்தான். பதினோரு லட்சம் பேர் உள்ளவனிடம் ஒன்று கேட்கிறார்கள்.

முதலில் மனைவி பவுலினிடம் போனான். அவள் எல்லாப் பாட்டையும் ஏற்கெனவே கேட்டுவிட்டதாகச் சொன்னாள். பொய் இல்லை, அவளுடைய கேட்பான் கேட்டிருந்தது. கடைசிப் பாட்டை நினைத்து அவள் கண்கூடக் கலங்கினாள். காதால் கேட்க வேண்டும் என்று அவன் விளக்கியதும், அதற்கென்ன என்று சோபாவில் உட்கார்ந்தாள். முதல் அடி முடிவதற்குள் துணியை உலர்த்தியில் போட்ட ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை தூங்கிவிட்டாள். எழுப்பியபோது பாட்டு ரொம்ப இதமாக இருந்ததாகச் சொன்னாள். அளவி எதையும் குறிக்கவில்லை.

அடுத்தது ரசிகர் மன்றத் தலைவர் கிருபாநிதி. இன்னாசியின் முகத்தை முழங்கையில் பச்சை குத்திக்கொண்டிருந்த மனிதர். செய்தி கிடைத்ததும் செங்கல்பட்டிலிருந்து படகு பிடித்து மாலையோடு வந்து சேர்ந்தார். தலைவருக்காக உயிரையே கொடுப்பேன் என்றார். நாலு நிமிஷம் கொடுத்தால் போதும் என்றான் இன்னாசி. கிருபாநிதி கேட்பானை அணைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, தையற்காரரிடம் அளவு கொடுப்பவர்போல விறைப்பாக உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஆவதற்குள் நெற்றியில் வியர்த்தது.

“தலைவா, தப்பா நெனைக்காதீங்க. இது எவ்வளவு நேரம் ஓடும்?” என்று கேட்டார். இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தில் உட்கார்ந்து பழக்கம் இல்லை, படபடவென்று வருகிறது என்று சொல்லிவிட்டு, கேட்பானை மீண்டும் போட்டுக்கொண்டார். உடனே முகம் தெளிந்தது. இந்தப் பாட்டைப் போல ஒன்று இனிமேல் வரப்போவதில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இன்னாசி நகரம் முழுக்கப் படகில் அலைந்தான். நண்பர்கள் கேட்டுவிட்டோமே என்றார்கள். கேட்கவில்லை என்று இவன் சொன்னால் கோபித்துக்கொண்டார்கள். ஒருவன், தன் சிலிர்ப்பைச் சந்தேகிக்கிறாயா என்று சண்டைக்கே வந்துவிட்டான். காசு வாங்கிக்கொண்டு கேட்பவர்கள் கிடைப்பார்களா என்று விதுரன் விசாரித்துப் பார்த்தான். கிடைத்தார்கள், ஆனால் காசு கைமாறியதும் அவர்கள் மனம் காசில்தான் நின்றது. அளவிக்கு அது தெரிந்துவிட்டது.

கடைசியில், சான்று கிடைக்காத இசைஞர்கள் புலம்பும் பொதுப் பலகையில் அவனும் ஒரு வேண்டுகோள் வைத்தான். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் என்னைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். உன்னைக் கேட்கிறேன் என்று எழுதியவள் ஒருத்திதான். பெயர் தெய்வானை. புல்லாங்குழல் வாசிப்பவள். தன்னுடையதையும் அவன் ஒருமுறை கேட்க வேண்டும், தனக்கும் சான்று தேவைப்படுகிறது என்று மட்டும் நிபந்தனை வைத்திருந்தாள். இன்னாசி அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒரு அழுகை இல்லை, ஓர் இட்லி இல்லை. ரசிகர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். ஆனாலும் ஞாயிறு பிற்பகல் புறப்பட்டுப் போனான்.

அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, நறுக்கென்ற பேச்சு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பாதி நாள் வேலை பார்ப்பதாகவும், மீதி நாள் வாசிப்பதாகவும் சொன்னாள். விளம்பரத்துக்கு எப்போது நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று இன்னாசி கேட்டான். அதற்குத்தான் மீதி இல்லாமல் போய்விடுகிறது என்றாள்.

அவன் பாட்டை முதலில் ஓடவிட்டார்கள். தெய்வானை கேட்பானை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. அறையில் பாட்டு மட்டும் இருந்தது. இன்னாசிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிவு செய்த பிறகு அந்தப் பாட்டை அவனே கேட்டதில்லை. தன் குரல் இப்படித்தான் இருக்குமா என்று கூச்சமாக இருந்தது. நடுவில் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

பாட்டு முடிந்தது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“பல்லவி இரண்டாவது தடவை வரும்போது குரல் ஒரு இடத்துல தயங்குது. வேணும்னே பண்ணினீங்களா?”

இல்லை என்றான். பதிவு செய்துகொண்டிருந்தபோது வெளியே ஒரு படகு திடீரென்று ஊதியது, திடுக்கிட்டுவிட்டான், கேட்பான்களுக்குத் தெரியாது என்று அப்படியே விட்டுவிட்டான்.

“அந்த ஒரு இடத்துலதான் நீங்க இருக்கீங்க. மத்ததெல்லாம் யார் வேணும்னாலும் பாடியிருக்கலாம்” என்றாள்.

இன்னாசிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. காலை அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மார்பில் எங்கேயோ ஒரு மூலையில், யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது. இத்தனை வருடங்களில் அவனிடம் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்ல வேண்டுமானால் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குள் சான்று பதிவாகிவிட்டது. இசைத்திடல் அதைப் பகிரங்கமாக அறிவித்தது. பதினோரு லட்சம் பேரிடமிருந்து கேட்பான் வழியே வாழ்த்துகள் வரத் தொடங்கின. கிருபாநிதி வெடி வெடித்துக் கொண்டாடும் படம் வந்தது. மார்பில் கேட்ட தட்டல் அந்த நிமிஷமே நின்றுவிட்டது.

இனி என் முறை என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன், அதற்குள் கேட்பானை அணைத்துவிடுங்கள் என்று தெய்வானை உள்ளே போனாள். அவன் தலையாட்டினான். அணைக்கவும் கை எடுத்தான். அணைத்தால் வாழ்த்துகள் நின்றுவிடும். இன்னும் ஒரே ஒரு வாழ்த்து என்று விட்டு வைத்தான்.

கேட்பான் சும்மா இருக்கும் பொருள் அல்ல. எதிரே இருப்பவள் இசைஞர் என்று அதற்குத் தெரிந்தது. அவள் பக்கத்துக்குப் போய், அவள் இதுவரை வாசித்தது அத்தனையையும் இரண்டு கண்சிமிட்டல்களில் கேட்டு முடித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது இன்னாசி எழுந்து நின்று கை கூப்பினான். கண்கள் நனைந்திருந்தன. நடிப்பு இல்லை, உண்மையாகவே சிலிர்த்திருந்தான்.

“என்ன வாசிப்புங்க. அந்தக் கடைசி இறக்கத்துல உயிரையே உருவி எடுத்துட்டீங்க” என்றான்.

தெய்வானை அவனையே பார்த்தாள். “நான் இன்னும் குழலை உறையிலேருந்து எடுக்கலையே” என்றாள்.

இன்னாசி அசடு வழிந்தான். மன்னிப்புக் கேட்டான். அவள் உட்கார்ந்து குழலை எடுத்தாள். இந்த முறை அவன் நிஜமாகவே கேட்பானை அணைத்தான். அவள் வாசிக்கத் தொடங்கினாள். அவனுக்கோ அதை ஏற்கெனவே கேட்டுவிட்ட நினைவு பசுமையாக இருந்தது. கேட்டதையே மறுபடியும், அதுவும் இவ்வளவு மெதுவாக, எதற்குக் கேட்க வேண்டும்? மனம் கிருபாநிதியின் வெடிகளுக்குப் போனது. சான்று கிடைத்ததைப் பற்றி நாளைக் காலை எப்படி அழுவது என்று யோசித்தது. குழலோசை நின்றதும் சுதாரித்துக்கொண்டு கைதட்டினான். அளவி எதையும் குறிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை வாசிக்கட்டுமா என்று அவள் கேட்டாள். அடுக்ககப் படகு போய்விடும், நாளைக்குக் கட்டாயம் வருகிறேன் என்றான். நாளைக்கு வந்து பயனில்லை என்பது அவனுக்கும் தெரியும். வெறும் கையோடு போக மனம் கேட்காமல், அதைவிடப் பெரிய உதவி ஒன்றைச் செய்வதாக வாக்குக் கொடுத்தான்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தான். படகில் ஏறியதுமே, இவர் ஒரு மகத்தான கலைஞர், எல்லோரும் அவசியம் கேட்க வேண்டும் என்று தன் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் சொன்னான். படகு வேளச்சேரியை அடையும் முன் பதினோரு லட்சம் கேட்பான்கள் தெய்வானையைக் கேட்டுச் சிலிர்த்து முடித்திருந்தன. அன்று நகரத்தில் அதிகம் பேசப்பட்ட பெயர் அவளுடையதுதான். மாலை கெடு முடிந்ததும், ஊன்செவி ஒன்று கூட இல்லை என்று இசைத்திடல் அவளைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இன்னாசிக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. அந்தச் சோகத்தை வீணாக்க வேண்டாம் என்று விதுரன் சொன்னான். தெய்வானைக்காக ஓர் இரங்கல் பாட்டு போட்டார்கள். அந்தப் பெண் சாகவில்லையே என்று பவுலின் கேட்டாள். பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி அந்தத் தொழிலில் அப்படித்தான் பேசுவது வழக்கம் என்று விதுரன் விளக்கினான். பாட்டு பெரும் வெற்றி பெற்றது. ரசிகர்கள் இரண்டு மடங்கானார்கள். உன்னிப்பாகக் கேட்பது எப்படி என்று கல்லூரிகளில் பேச அவனை அழைத்தார்கள். மூன்று கல்லூரிகளில் பேசினான். மாணவர்கள் தங்கள் கேட்பான்களை அனுப்பியிருந்தார்கள்.

தெய்வானை ஆலையில் முழுநேர வேலைக்குப் போய்விட்டாள். ஒருநாள் மாலை வேலை விட்டு வந்து, தன் பெயரில் ஒரு பாட்டு இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, கேட்பானை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டாள். சரியில்லாத பாட்டு. இருந்தாலும் பாதியில் நிறுத்தவில்லை.

வருடம் திரும்பியது. சான்றைப் புதுப்பிக்க வேண்டுமே, மறுபடியும் யார் காலில் விழுவது என்ற கவலையோடு இன்னாசி தன் கணக்கைத் திறந்தான். இரங்கல் பாட்டுக்கு எதிரே, முதலிலிருந்து கடைசி வரை ஒரு ஊன்செவி என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது. யார் என்று ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்திருக்கும். அவன் தட்டவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

விதுரனைக் கூப்பிட்டான். “பாத்தியாப்பா, ஒரு மனுஷக் காது தானாவே வந்திருக்கு. விளம்பரத்துக்குக் கொட்டின பணம் வீண் போகல” என்றான்.