பதினேழாம் பக்கம்

"உங்க பக்கம் காத்து எத்தனை?" என்பதுதான் செவ்வாயில் காலை வணக்கம். "நாலு புள்ளி பதினேழு" என்று எதிரில் வருபவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் தூக்கம், குழந்தைகள், காப்பி எல்லாம். அங்கே காற்றுக்குப் பதிப்பு எண் உண்டு. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், கரியமில வாயுவை எந்த வடிகட்டி எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதை மூச்சுநிரல் என்ற கட்டளைத் தொகுப்பு தீர்மானித்தது. அதில் ஒரு வரி பிசகினால் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார்.

மூன்று கண்ணாடிக் கவிகைகளின் கீழ் நாலாயிரம் பேர் வசித்தார்கள். கவிகைக்கு ஒரு பிரதியாக மூச்சுநிரலும் மூன்று. ஒவ்வொரு கவிகையும் தன் பிரதியைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டு, பக்கத்துக் கவிகைகளுக்கு ஒரு மடல் போடும். பெற்றவர் மடலின் அடியில் இருக்கும் 'வாசித்தேன்' பொத்தானை அழுத்துவார். இப்படி ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கு விபத்து வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். போன வருடம் வந்தது. மூன்றாம் கவிகையில் ஒரு வால்வு மூடியபடியே நின்றுவிட, ஒன்பது பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அவர்களில் ஒருவன் குமணன். அந்தக் கவிகையின் மூச்சுநிரலைக் கவனித்துவந்த பொறியாளன், அதே கவிகையில் நிரல் எழுதும் பொற்கொடியின் ஒரே தம்பி.

அதே வால்வுக் கோளாறை முதல் கவிகை இரண்டு மாதம் முன்பே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தது. தெரிந்ததும் ஊர் கொதித்தது. "எல்லாருக்கும் மடல் போட்டேனே" என்றார் முதல் கவிகையின் தலைமைப் பொறியாளர் சலாவுதீன். ஆதாரம் கேட்டார்கள். இடம் போதாது என்று பழைய மடல்களை மாதாமாதம் அழித்துவிடுவது அங்கே வழக்கம். அன்றிலிருந்து அவர் முகத்தை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. பொற்கொடியும் பார்ப்பதில்லை.

துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஒரு பொதுக்களஞ்சியம் கட்டினாள். இனி மூச்சுநிரலுக்கு மூலம் ஒன்றுதான். அது எந்தக் கவிகைக்கும் சொந்தமில்லாமல், மேலே சுற்றும் ஆளில்லாத் துணைக்கோளில் இருக்கும். திருத்த விரும்புபவர் அங்கிருந்து பிரதி இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்ற வேண்டும். யார், எப்போது, ஏன் திருத்தினார் என்ற வரலாறு ஒருநாளும் அழியாது. எதை ஏற்றினாலும் மற்ற இரண்டு கவிகைகளிலிருந்தும் ஒவ்வொருவர் படித்துவிட்டு ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதலுக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பானேன் என்று எல்லோருக்கும் பழகிய 'வாசித்தேன்' பொத்தானையே வைத்துக்கொண்டாள்.

மூன்று பிரதிகளையும் ஒன்றாக இணைத்தபோது இருநூற்றுப் பதினான்கு இடங்களில் முரண்பட்டன. ஒவ்வொன்றாகப் பொருத்திச் சரிசெய்ய நாற்பது நாள் ஆயிற்று. கடைசி நாளன்று, களஞ்சியத்தைக் காக்கும் இயந்திரமான காப்பாளன் அவளை அழைத்தது.

"அம்மா, குமணனின் பிரதியோடு அதன் பழைய வரலாறும் ஏறியிருக்கிறது. அதில் ஒரு பதிவை நீங்கள் பார்க்க வேண்டும்."

"என்னன்னு சொல்லு."

"மடல் அழிந்துவிட்டது, அது வந்த குறிப்பு மட்டும் வரலாற்றில் இருக்கிறது. விபத்துக்கு அறுபத்தொரு நாள் முன்னால் சலாவுதீனின் மடல் வந்திருக்கிறது. பதினொரு பக்கம். வந்த மூன்றாவது நொடியில் 'வாசித்தேன்' அழுத்தப்பட்டிருக்கிறது."

"அழுத்தினது யாரு?"

"குமணன்."

பொற்கொடி அந்தப் பதிவைத் திறந்து பார்த்தாள். அந்தப் பதினொரு பக்கத்தை அவன் படித்திருந்தால் ஒன்பது பேரும் இருந்திருப்பார்கள். அவனும் இருந்திருப்பான்.

"இதை அழிக்க முடியுமா?" என்று கேட்டாள். கேட்டவுடனே வெட்கமாக இருந்தது.

"முடியாது. அழியக் கூடாதென்று விதித்தது நீங்கள்தான்."

"யார் கண்ணுலயாவது படுமா?"

"தேடிப் படித்தால் படும்."

இரண்டு நாள் அவள் களஞ்சியத்தின் பக்கமே போகவில்லை. செத்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. உயிரோடு இருக்கும் ஒருவர் தலைகுனிந்து நடக்கிறாரே என்றது இன்னொரு மனம். மூன்றாம் நாள் களஞ்சியத்தின் தொடக்க அறிக்கையை எழுதி முடித்தாள். மொத்தம் நாற்பது பக்கம். பதினேழாம் பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள்: 'மடல் வந்து சேர்ந்தது. என் தம்பி குமணன் அதைப் படிக்காமலே வாசித்தேன் என்று அழுத்திவிட்டான். பொறியாளர் சலாவுதீன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவரிடம் நாம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

நாளைக்கு இந்த ஊர் அவள் தம்பி பெயரைச் சொல்லிக் காறித் துப்பும். துப்பட்டும் என்று ஏற்றிவிட்டாள்.

இரண்டாம் கவிகையின் பிலோமினா நான்கு நொடியில் வாசித்திருந்தாள். முதல் கவிகையிலிருந்து ஒப்புதல் தரவேண்டியவர் சலாவுதீன். அவருக்கு ஆறு நொடி ஆயிற்று. அறிக்கை நாலாயிரம் பேருக்கும் போயிற்று. மாலைக்குள் நாலாயிரம் 'வாசித்தேன்' வந்து சேர்ந்தது.

மறுநாள் ஒன்பது பேருக்கும் முதலாண்டு நினைவுக் கூட்டம். பொற்கொடி மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனாள். அவளை யாரும் ஏசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "அறிக்கை பிரமாதம்" என்றார்கள். குமணனின் படத்துக்குத்தான் மாலை அதிகம் விழுந்தது. அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். அந்த ஆறுதல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் கடைசி வரிசையிலிருந்து சலாவுதீன் தலையைக் குனிந்தபடியே வந்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா. அந்த மடல் எப்படித் தவறுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. உன் அறிக்கையை ஒரு வரி விடாம வாசிச்சேன்."

பொற்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"பதினேழாம் பக்கமும் வாசிச்சீங்களா ஐயா?"

"அதைத்தாம்மா ரெண்டு தடவை வாசிச்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் சலாவுதீன். "உன் தம்பி மாதிரி ஒரு பொறுப்பான பிள்ளை இனிமே யாருக்கும்மா கிடைப்பான்?"