கேக் குச்சியும் என் காதும்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேக்கரி வைத்திருக்கிறோம். முன்பக்கம் கடை. அங்கே அம்மா வியாபாரம் பார்ப்பாள். நடுவில் அடுப்படி. அங்கே அப்பாவும் அத்தையும். பின்னால் மாவு மூட்டை அறை. என் கன்னம் இரண்டும் உப்பலாக இருக்கும். அதனால் எல்லோருக்கும் நான் ‘பன்னு’.

கேக் வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் குத்தி எடுப்பார்கள். மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் வேகவில்லை. குச்சி சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது. நடக்கப் பழகிய நாளிலிருந்து நான் பார்த்து வருகிற விஷயம் இது.

அங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது.

சனிக்கிழமை எனக்குக் காது குறுகுறுவென்று அரித்தது. கேக் குச்சிக் கட்டிலிருந்து ஒரு புதுக் குச்சியை உருவினேன். நுனியில் பஞ்சைச் சுற்றினேன். இடது காதுக்குள் விட்டு எடுத்தேன். மஞ்சளாக அழுக்கு வந்தது.

“இன்னும் வேகலை!” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் விட்டேன். அப்புறம் வலது காது. குச்சி சுத்தமாக வரும்வரை விடுவதாக இல்லை.

கடைசியில் சுத்தமாகத்தான் வந்தது. ரொம்பவே சுத்தமாக. பஞ்சையே காணோம்!

எடுக்கப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே போனது. பயந்துபோய்க் குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். போயும் போயும் கேக் குச்சியைக் காதுக்குள் விட்டேன் என்று யாரிடம் சொல்வது? மானம் போய்விடும். பஞ்சு தானாக வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வரவில்லை. திங்கட்கிழமை பள்ளியில் டீச்சரின் குரல் தலையணைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. என் குரல் மட்டும் மண்டைக்குள் ‘ஙொய்’ என்று முழங்கியது.

“ஏன்டி பக்கத்துல இருந்துக்கிட்டே இப்படிக் கத்துற?” என்றாள் என் பெஞ்சுத் தோழி.

“நானா கத்துறேன்?” என்று கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அந்தக் கூத்து நடந்தது.

அப்பா கடைப்பக்கம் வந்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அடுப்புக்குள் பெரிய பிறந்தநாள் கேக். அத்தை அதற்கு மணி வைத்திருந்தாள். நேரம் முடிந்தால் அந்த மணி ‘ட்ரிங்’ என்று அடிக்கும். அத்தை ஆறு மாதம் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டவள். போன வாரம்தான் அப்பா அவளிடம், “இனி அடுப்பு உன் பொறுப்பு” என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பன்னு, மாவு எடுத்துட்டு வந்துடறேன். மணி அடிச்சா ஒரு குரல் குடு, ஓடி வந்துடறேன்” என்றாள் அத்தை.

“சரி அத்தை.”

மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. அதாவது, எனக்கு அப்படித்தான் தோன்றியது.

புகை மூக்கில் ஏறியபோதுதான் நிமிர்ந்தேன். அத்தை ஓடி வந்தாள். அப்பாவும் ஓடி வந்தார். கேக் கரிக்கட்டையாக வெளியே வந்தது.

அப்பா மணியைத் திருகிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது நன்றாகத்தான் அடிக்கிறது.

“பன்னு, நீ இருந்தப்போ மணி அடிச்சுதா?”

“அ... அடிக்கலைப்பா.”

அப்பா அத்தையைப் பார்த்தார். அவள் கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வாள்.

“அப்போ நீ இருந்தப்பவே அடிச்சிருக்கு. எந்நேரமும் காதுல அதைச் சொருகிக்கிட்டா மணி எங்கேருந்து கேக்கும்?”

“ஒரு காதுலதான் அண்ணா போட்டிருந்தேன்...”

“போதும்மா. நாளையிலேருந்து நீ பெட்டி மடி. அடுப்பை நான் பாத்துக்கறேன்.”

“எனக்குத்தான் கேக்கலை போலிருக்கு” என்று சொல்லிவிட்டு அத்தை இயர்போனைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியே மாடிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், அத்தை ஒரு மூலையில் கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் வெள்ளை அட்டைப் பெட்டிகள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவப் பார்த்தேன்.

“பன்னு!” மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் நான் திரும்பினேன் என்று அப்புறம் சொன்னாள். “உனக்காக எடுத்து வெச்சேன், சாப்பிடு.”

அவள் கையில் ஒரு கிரீம் பன். எனக்குக் கோபம் வந்தது. என் மேல்தான். நான் மாட்டிவிட்ட அத்தை எனக்குப் பன் எடுத்து வைத்திருக்கிறாள்! வலது காது வேறு விண்விண்ணென்று வலித்தது. ஆனால் அதைவிட இந்தப் பன்தான் தாங்க முடியவில்லை.

நேராக அடுப்பிடம் போனேன். குச்சிக் கட்டை எடுத்து அப்பா முன்னால் நீட்டினேன்.

“அப்பா, மணி அடிச்சிருக்கும்ப்பா. நான் இருந்தப்போதான் அடிச்சிருக்கும். எனக்குத்தான் கேக்கலை. அத்தை மேல தப்பே இல்லை.”

“என்னம்மா சொல்ற? இந்தக் குச்சி எதுக்கு?”

“இதாலதான் காது குடைஞ்சேன். சுத்தமா வர்ற வரைக்கும். பஞ்சு உள்ளேயே இருக்கு.”

அப்பா மாவுக் கையோடு அப்படியே நின்றார். “கேக் குச்சியாலயா?”

“புதுக் குச்சிதான்ப்பா! கட்டுல திருப்பி வைக்கலை. சத்தியமா!”

முகமெல்லாம் எனக்குக் கொதித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை பெட்டிகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அட மக்கு! இத்தனை நாளா வலியோடவா இருந்த?”

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

அம்மா கடையைப் பார்த்துக்கொள்ள, அப்பாவும் அத்தையும் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா சின்ன விளக்கைக் காதுக்குள் அடித்துப் பார்த்தார். “அசையாம இரு” என்றார். மெல்லிய இடுக்கி உள்ளே போனது. ஏதோ நழுவி வந்தது.

அடேயப்பா! சுவரிலிருந்த ஃபேன் அவ்வளவு சத்தம் போடுமா!

டாக்டரம்மா பஞ்சைத் தட்டில் வைத்துக் காட்டினார். அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“இந்தக் காது கொஞ்சம் புண்ணாயிருக்கு, மருந்து தர்றேன். இடது காதுல அழுக்கை நல்லாத் திணிச்சு அடைச்சிருக்கே. அதுக்கும் சொட்டு மருந்து விடு. இளகினதும் அடுத்த வாரம் நானே எடுத்துடறேன். காதழுக்கு மெதுவாத் தானாவே வெளியே வந்துடும், கண்ணு. வெளியே தெரியறதைத் துணியால துடைச்சாப் போதும். ஆமா, குச்சி விடற பழக்கம் வீட்ல யாருக்கு?”

அப்பாவின் கை மெதுவாகச் சட்டைப் பையை மூடியது. அதில் எப்போதும் ஒரு தீக்குச்சி இருக்கும். எதற்கென்று எனக்கும் அத்தைக்கும் நன்றாகத் தெரியும். அத்தை தொண்டையைக் கனைத்தாள். அப்பாவின் முகம் என் முகத்தைப் போலவே சிவந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அடுப்படிக்குள் நுழைந்தேன். மூலையில், பெட்டிகளுக்கு நடுவில், அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் மடித்த பெட்டி எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“விசாரிக்காமத் திட்டினவனுக்கு இந்த வாரம் பெட்டிதான்” என்றார் என்னிடம்.

“அண்ணா, அந்தப் பெட்டில கேக் வெச்சா கேக்குக்கே தலை சுத்தும்” என்று அடுப்புக்கு முன்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

‘ட்ரிங்!’

“மணி!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அத்தை கேக்கை வெளியே எடுத்து, நடுவில் குச்சியைக் குத்தி உருவினாள். சுத்தமாக வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள், அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அந்தக் குச்சியை ‘படக்’கென்று இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டாள்.