லிங்கர் இல்லாத மழை

மழைக்கு ஒதுங்கியவன் தலையை உதறினான். துளிகள் நேரே சுடர்விழியின் லேப்டாப் மேல் விழுந்தன.

“ஏங்க... கண்ணு தெரியலையா?”

அவன் அவள் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கட்டும், திட்டு இன்னும் பாக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டுமாவடியில் அவள் அப்பா அடைக்கலத்தின் மீன் கமிஷன் கடை அது. புதுத் தராசு வந்ததும், பில் போடும் பழைய புரோகிராம் எடையைப் படிக்க மாட்டேன் என்றுவிட்டது. எழுதியவர் எங்கே போனாரோ, மூல நிரலும் இல்லை. சுடர்விழி விண்டோஸில் ஓடும் அந்த ஃபைலையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கோளாறான வரிகளைத் திருத்திவிட்டாள். திரும்பச் சேர்க்கத்தான் முடியவில்லை; துண்டுகளை ஒட்டும் கருவியான லிங்கர் இல்லை என்று பிழை காட்டியது.

“படகு வர்றதுக்குள்ள ஓடலைன்னா, இந்தக் கம்ப்யூட்டர் ஆசைய விட்டுட்டு பேங்க் பரீட்சைக்குப் படி” என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“லிங்கர் இல்லைங்குது போல...” அவன் திரையை எட்டிப் பார்த்தான். பெயர் பெலிக்ஸ், ஊர் மணமேல்குடி, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை, நண்டு வாங்க வந்தான்... எல்லாம் அவள் கேட்காமலே சொன்னது.

“எனக்கும் படிக்கத் தெரியும்.”

“டேட்டா தீந்துரும்னு இன்ஸ்டால் பண்ணையில அந்தப் பெரிய பகுதிக்கான டிக்க எடுத்துட்டீங்களோ?”

எடுத்துத்தான் இருந்தாள். பிரித்த மோட்டாரை மாட்ட உட்கார்ந்துவிட்டு ஸ்பானர் வேண்டாம் என்ற கதை. ஆனால் இவனிடமா ஒத்துக்கொள்வது?

“அதெல்லாம் இல்லை.”

“சரிங்க... பையில இருக்கிற என் ஹார்ட் டிஸ்க்ல அந்தக் கருவியெல்லாம் முழுசா இருக்கு. வேணாம்னா கெளம்புறேன்.”

அவன் மழையில் இறங்கப் போனான். தூரத்தில் முதல் படகு தெரிந்தது. ரோஷமா, படகா...

“ஏங்க... நனையாதீங்க. அதக் குடுத்துட்டுப் போங்க.”

குடுத்தான். போகவில்லை. எல்லாம் ஏறி முடிந்தது. மறுபடி அதே பிழை! பெலிக்ஸின் முகம் தொங்கிப்போனது.

“இப்பத்தான் எல்லாம் இருக்கே... ஏன்னு தெரியலைங்க.”

சுடர்விழி யோசித்தாள். லிங்கர் வந்துவிட்டது. அது எங்கே இருக்கிறதென்று கட்டளை தட்டும் இந்தக் கறுப்புத் திரைக்குத்தான் தெரியவில்லை. அதை மூடிவிட்டு, அந்தக் கருவிகளோடு சேர்ந்து வந்த தனிக் கறுப்புத் திரையைத் திறந்தாள். அதற்கு எல்லா வழியும் தெரியும். என்டரைத் தட்டினாள்...

ஒரு பிழையும் இல்லை. புரோகிராம் முழுசாய் எழுந்து நின்றது.

முதல் கூடை தராசில் ஏறியது. எடை திரையில் வந்தது, பில் கரகரவென்று வெளியே வந்தது. திரும்பி வந்திருந்த அடைக்கலம் அதைக் கிழித்து வியாபாரிகளிடம் நீட்டினார்.

“எம்மக வேலை. பாத்துக்கங்கப்பா.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “பேங்க் பரீட்சை வேணாந்தா. ஒனக்குப் புடிச்சதச் செய்யி.”

சுடர்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

வாசலில் நண்டுப் பையோடு பெலிக்ஸ் நின்றிருந்தான்.

“மழை விட்டு ரொம்ப நேரமாச்சுங்க... எனக்குத்தான் போக மனசு வரலை.”

அவள் தலை குனிந்தாள். ரோஷத்தை விழுங்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“ஒண்ணு ஒத்துக்கணும்... அந்த டிக்க எடுத்தது நாந்தான்.”

“அது அப்பவே தெரியுமே.”

“இன்னொண்ணு தெரியாது...” கண்களை உயர்த்தினாள். “எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு.”