கும்பகர்ணனின் மூன்றாவது எண்

கும்பகர்ணன் ஒரு டிராக்டர். வயது எண்பது. காலையில் கிளப்ப ஆரம்பித்தால் மதியம்தான் கண் விழிக்கும். விழித்துவிட்டால் அது போடும் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும். பட்டறையை அம்மாவுக்கு விற்றவர், "இதையும் நீங்களே வச்சுக்கோங்க. தள்ளிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லை" என்று சொல்லி விட்டுப் போனது அது.

அம்மா மெக்கானிக். வாரம் ஒருமுறை கும்பகர்ணனைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓடவிட்டுப் பார்ப்பாள். "எப்படிச் செஞ்சிருக்காங்க பாரு! ஒரு நட்டு கூட ஆடலை" என்று ஒவ்வொரு வாரமும் புதிதாக வியப்பாள்.

அவளுடைய மகளுக்குப் பத்து வயது. வண்டிகளுக்கு அடியில் புகுந்து, உருண்டு போன நட்டுகளைத் தேடி எடுத்து வருவதால் எல்லோரும் அவளைச் 'சுண்டெலி' என்றார்கள்.

கொஞ்ச நாளாக அம்மாவுக்கு முதுகு சரியில்லை. "இனிமே வண்டிக்கு அடியில படுத்து வேலை செய்யக் கூடாது" என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்று இருந்தால் நின்றபடியே வேலை செய்யலாம். அதன் விலையைக் கேட்டதும் அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். பட்டறையை மூடிவிடலாம் என்று மாமாவிடம் அவள் மெதுவாகச் சொன்னது சுண்டெலியின் காதில் விழுந்தது. ஸ்பேனர் இல்லாத அம்மாவை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. 

அந்த வாரம்தான் ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் ஒரு பல் டாக்டர். பழைய டிராக்டர்களை வாங்கிச் சேர்ப்பவராம். யாரோ கும்பகர்ணனின் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் ஒரு விலை சொன்னார். அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஃபோனைப் பிடுங்கினார். "டாக்டரம்மா, ஒரு சைபர் தவறுதலா அதிகமா விழுந்துடுச்சா?"

"இல்லைங்க," என்று டாக்டர் சிரித்தார். "அந்த மாதிரி மொத்தமே இருநூறு வண்டிதான் செஞ்சாங்க. எஞ்சின் ரொம்ப எண்ணெய் குடிக்குதுன்னு வாங்கினவங்க அதைக் கழட்டிட்டு வேற எஞ்சின் மாட்டிட்டாங்க. சொந்த எஞ்சினோட இருக்கிற வண்டியை இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். வண்டி உடம்புல ஒரு நம்பர் இருக்கும், எஞ்சின்ல ஒரு நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன்."

அந்தப் பணத்தில் லிஃப்ட் வாங்கலாம். மிச்சமும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழியில் நின்றுபோன ஒரு காரைப் பார்க்க அம்மா கிளம்பிப் போனாள். "எதையும் தொடாதே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. மாமா தங்கமான மனிதர். ஆனால் அவர் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

சுண்டெலி பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தபோது, கும்பகர்ணனின் ஒரு மட்கார்டு தக்காளி மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது.

"ஐயோ, மாமா! என்ன பண்றீங்க?"

"மாப்பிள்ளைக் கோலம்! பொண்ணு பார்க்க வர்றாங்கல்ல?" என்றார் மாமா, கையில் பிரஷ்ஷோடு.

"அவங்க படத்துல பார்த்தது பழைய நிறத்தை. அதைப் பார்த்துட்டுத்தானே வர்றாங்க?"

மாமா யோசித்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்தார். சுண்டெலி நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"உடம்புல இருக்கிற தகட்டைப் பார்த்துட்டேன். 164. எஞ்சின் நம்பர்தான் துருப்பிடிச்சுத் தேஞ்சு போச்சு. ஒண்ணும் ஆறும் தெரியுது. மூணாவது தெரியலை. நம்பர் அச்சை வச்சு 'நாலு'ன்னு ஒரு தட்டுத் தட்டிட்டா வேலை முடிஞ்சது."

"அங்க நாலுதான் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வேற என்ன இருக்கப் போகுது?"

"தெரியாதுல்ல? நீங்க தட்டிட்டா அப்புறம் யாருக்குமே தெரியாமப் போயிடும் மாமா!"

"உங்கம்மா முதுகை நினைச்சுப் பாரு, சுண்டெலி." மாமா இந்தமுறை சிரிக்கவில்லை.

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். நம்பர் வேறாக இருந்தால் லிஃப்ட் இல்லை, பட்டறையும் இல்லை. ஒரே ஒரு தட்டு போதும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய் அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தட்டுங்க. என் கை மேலயே தட்டுங்க."

மாமா சுத்தியலை இறக்கினார். "பிடிவாதத்துல அப்படியே உங்கம்மாதான்" என்று முணுமுணுத்தார்.

சரியாகப் பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பின்னாலேயே அம்மாவும் வந்துவிட்டாள். சிவப்பு மட்கார்டைப் பார்த்ததும் இருவர் முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

"மாமா அடிச்சுட்டாரு," என்றாள் சுண்டெலி. "ஒண்ணுதான். மீதி எல்லாம் பழசு."

"புது பெயின்ட்டை எந்தக் கடையிலயும் வாங்கலாம். அந்த வருஷத்துப் பெயின்ட்டை எங்க போய் வாங்குறது?" என்று பெருமூச்சு விட்டார் டாக்டர். "இதுக்குக் கொஞ்சம் விலையைக் குறைச்சுத்தான் ஆகணும்."

"என் வாழ்க்கையிலேயே விலை அதிகமான பெயின்ட்" என்றார் மாமா பரிதாபமாக.

டாக்டர் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். "எங்க, வாயைத் திற பார்ப்போம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே, குழாய்களுக்குப் பின்னால் அதை நுழைத்துப் பார்த்தார். கம்பிகள், திருகுகள், இருக்கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் "அடடா" என்றார். கடைசியாக எஞ்சின் நம்பருக்கு வந்தார். டார்ச்சை நேராக அடித்தார். ஒன்றும் ஆறும் மங்கலாகத் தெரிந்தன. அடுத்த இடத்தில் துரு மட்டும்தான்.

அவர் முகம் வாடிவிட்டது. "மூணாவது எண் தெரியலையேம்மா. தெரியாம நான் எப்படி வாங்குறது?"

 அம்மாவின் கை தானாக இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

சுண்டெலி அந்த டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், அதை இப்படிக் குடுங்களேன். நட்டு காணாமப் போனா நான் டார்ச்சை மேல இருந்து அடிக்க மாட்டேன். தரையோட தரையா வச்சு அடிப்பேன். அப்பத்தான் சின்ன நட்டுக்குக்கூட நீளமா நிழல் விழும்."

அம்மா பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கினாள். சுண்டெலி டார்ச்சை இரும்போடு ஒட்டி, படுக்கவைத்துப் பிடித்தாள். வெளிச்சம் எண்ணின் மேல் பக்கவாட்டில் ஓடியது. சின்னச் சின்னப் பள்ளங்களில் நிழல் விழுந்தது. முதலில் ஒன்று. அப்புறம் ஆறு. அப்புறம் ஒரு சாய்ந்த கோடு.

"ஏழோ?" என்றார் மாமா.

சுண்டெலி மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை ஒரு விரலளவு நகர்த்தினாள். குறுக்கே ஒரு கோடு. அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் இன்னொரு கோடு.

"நாலு!" நான்கு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

டாக்டர் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அவர் கண்கள் பனித்திருந்தன. "இருநூறு பேரோட பிறந்தவன். பெரும்பாலானவங்க எப்பவோ உருகிக் கதவாவும் ஆணியாவும் போயிட்டாங்க. இவன் அதே எஞ்சினோட இன்னும் ஓடுறான். இன்னொருத்தனை யாராலயும் செய்ய முடியாது. செஞ்சா, அது புதுசுதானே?"

பிறகு அவர் மாமா பக்கம் திரும்பினார். "நல்லவேளை, யாரும் இதுல கை வைக்கலை. நிறைய இடத்துல நம்பரைப் புதுசா அடிச்சு வச்சிருப்பாங்க. அப்படி இருந்தா நான் வாசலோடயே திரும்பிடுவேன்."

மாமா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மெல்ல மறைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் லிஃப்ட் வந்து இறங்கியது. முதல் கார் மெதுவாக மேலே போனது. அம்மா குனியாமல் அதற்கு அடியில் நடந்து போய் அண்ணாந்து பார்த்தாள். "அடேயப்பா! இங்க இவ்வளவு வெளிச்சமா?" என்றாள்.

சுண்டெலியும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஒரு காருக்கு அடியில் அம்மாவும் மகளும் நிமிர்ந்து நின்று, முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.